தளதளன்னு இருக்குதுப்பா

1

போன மாதம் எங்கள் மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. இங்கே ஜெர்மனியில், எலும்பு முறிந்த பிள்ளையை பல மாதம் கழிந்த பின்னும் உடற்பயிற்சி சிகிச்சைக்கு அனுப்பினால் இப்படி ஒன்று வருமாம். எங்கே விழுந்தாள், எப்படி விழுந்தாள், தரை ஈரமா காய்ந்ததா என்று நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: ‘இந்த விபத்துக்கு வேறொருவர் காரணமா? ஆம் எனில் அவருடைய பெயர், முகவரி.’

‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிட்டு, என் பெயரையும் எங்கள் வீட்டு முகவரியையும் எழுதி அனுப்பிவிட்டேன்.

நான்காம் நாள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். பன்னிரண்டு வருடம் இந்த நாட்டில் இருந்தாலும் என் உச்சரிப்பைக் கேட்டதும் எல்லோரும் பேச்சின் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அவரும் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். “இந்தக் கட்டம் வேறு நபருக்கானது. உங்கள் விவரத்தை எழுதும் இடம் முதல் பக்கத்தில் இருக்கிறது. புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யலாம்.”

“புரிந்துதான் எழுதினேன்.”

“நீங்கள் உங்கள் மகளைத் தள்ளிவிட்டீர்களா?”

“இல்லை. ஒரு போல்ட்டை முறுக்காமல் விட்டுவிட்டேன்.”

அதற்கெல்லாம் இங்கே கட்டம் கிடையாது, ‘இல்லை’ என்று தானே திருத்திக்கொள்வதாகச் சொன்னார். சரி என்றேன். அத்தோடு அந்தக் கோப்பு மூடப்பட்டுவிட்டது. அவரிடம் சொல்ல முடியாததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு இதில் பாதிக்கு மேல் விளக்கமே தேவைப்படாது.

2

நான் திருப்பூர்க்காரன். ராயபுரத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஃபிட்டராக இருந்தேன். எங்களுக்கு மெஷின் விற்ற வெளிநாட்டுக் கம்பெனியே சர்வீஸ் வேலைக்கு என்னை அழைத்துக்கொண்டது. என் மகள் மதுவுக்கு அப்போது மூன்று வயது. ஜெர்மனியில் நாங்கள் இருப்பது மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். காலை ஆறே முக்காலுக்கு நான் சைக்கிளில் வேலைக்குப் போவேன், ஏழரைக்கு மது சைக்கிளில் பள்ளிக்கூடம் போவாள். கட்டில் வாங்கினாலும் அலமாரி வாங்கினாலும் இங்கே அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாகத்தான் தருவார்கள். பூட்டிக்கொள்வது நம் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் இதை நான் பெருமையாகச் சொல்வேன். “அங்கெல்லாம் யாரையும் எதிர்பாக்க மாட்டாங்க. எல்லாம் நாமளேதான்.”

2007 ஆடியில் ஐந்து வாரம் ராயபுரத்தில், என் மனைவி வசந்தியின் அண்ணன் கந்தசாமி வீட்டில் தங்கினோம். கந்தசாமி மச்சான் வீட்டின் கீழ்த்தளத்தில் டீ சர்ட் செக்கிங், பேக்கிங் யூனிட் வைத்திருக்கிறார். மதுவுக்கு அப்போது பதினைந்து வயது. மூன்றாம் நாளே அவள் முகம் சுருங்கிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் அவளைத் தமிழ் பேசச் சொல்லிக் கேட்டார்கள். பேசினால் சிரித்தார்கள். கரண்ட் போனால் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் என்னிடம் ஜெர்மனில் கேட்டாள்: “எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஒரு சைக்கிள் கிடைக்குமா?”

அன்றைக்கே அழைத்துக்கொண்டு போனேன். டவுனில் ஒரு பெரிய சைக்கிள் கடை. கறுப்பும் ஆரஞ்சுமாக, கனத்த டயர் போட்ட மவுண்டன் பைக் ஒன்றை மது காட்டினாள். கடைக்காரர் உள்ளே குரல் கொடுத்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். அருள்ராஜ் என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது.

மச்சானின் ஆம்னி வேனில் ஏற்கனவே அட்டைப்பெட்டிகள் இருந்ததால் சைக்கிள் நுழையவில்லை. அருள்ராஜ் முன்சக்கரத்தைக் கழற்றினார். ஹேண்டிலின் நடுவில் இருந்த ரப்பர் மூடியை எடுத்து, உள்ளே இருந்த போல்ட்டைத் தளர்த்தி, ஹேண்டிலைப் பக்கவாட்டில் திருப்பினார். வண்டி உள்ளே போய்விட்டது.

“சார், ஊட்டுக்குப் போனதீமு இந்தப் போல்ட்டை நல்லா டைட் வெக்கோணுமுங்க. அட்ரஸ் சொல்லுங்க, சாயந்தரம் நானே வந்து மாட்டிக் குடுத்தர்றேனுங்க.”

“அதெல்லாம் வேண்டாமுங்க. நானே மெஷின் ஃபிட்டர்தான்.”

“இருந்தாலும் ஒருக்கா பாத்துட்டா…”

“நான் பாத்துக்கறேன்.”

அவர் ரப்பர் மூடியை என் கையில் கொடுத்தார். மது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் பில்லுக்காகக் கல்லாவில் முகவரி எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் வாசலில் போட்டுப் பூட்டினேன். முன்சக்கரத்தின் நட்டுகளை முறுக்கினேன். பிரேக் வயரை மாட்டினேன். ஹேண்டிலை நேராக்கினேன். அந்த நேரம் பார்த்து ஜெர்மனியிலிருந்து என் மேலாளர் போன் செய்தார், ஒரு மெஷின் நின்றுவிட்டது என்று. நெட்வொர்க் சரியில்லாததால் நடந்துகொண்டே அரை மணி நேரம் கத்திப் பேசினேன். திரும்பி வந்தபோது சைக்கிள் முழுசாக நின்றுகொண்டிருந்தது. கையில் ரப்பர் மூடி. அதை அழுத்திப் பொருத்தினேன். பார்க்க அழகாக இருந்தது.

3

மறுநாள் மது தெருவில் ஓட்டினாள். மூன்றாவது கியரில் போட்டால் சங்கிலி தானாக நான்குக்குத் தாவியது, சில சமயம் கழன்றே விழுந்தது. புத்தம்புதுச் சாமான். எனக்கு ஒரே கோபம். கடைக்குப் போன் செய்து சத்தம் போட்டேன். ரெண்டு நாளில் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறோம் என்றார்கள். “பாத்தியா மச்சான், இங்க எதையும் சோதிச்சுக் குடுக்கறதே இல்ல” என்று மச்சானிடம் நீட்டி முழக்கினேன்.

அன்றிரவு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மது சைக்கிளைப் பற்றி ஏதோ ஜெர்மனில் ஆரம்பித்தாள். நான் தடுத்தேன். அந்தப் பயணம் முழுக்க நான் போட்டிருந்த சட்டம் அது: ஊரில் இருக்கும்வரை தமிழில் மட்டும்தான் பேச வேண்டும். தமிழ் அவளைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது எனக்குப் பயமாக இருந்தது. “தமிழ்ல சொல்லு. தெரிஞ்சதை வெச்சுச் சொல்லு.”

அவள் யோசித்தாள். அந்த நாட்களில் அவள் கீழே யூனிட்டில் செக்கிங் மேஜையருகே நிறைய நேரம் உட்கார்ந்திருந்தாள். அங்கே வேலை செய்கிற பெண்கள் கழுத்து லூசான டீ சர்ட்டை எடுத்து ‘இது தொளதொளன்னு இருக்குது’ என்று ஒதுக்கிப் போடுவார்கள். அந்தச் சொல்லை அவள் பிடித்துவைத்திருந்திருக்கிறாள். வாய்க்கு வரும்போது மாறிவிட்டது.

“ஹேண்டில்… தளதளன்னு இருக்குதுப்பா.”

மச்சானின் மனைவி சரசக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “தளதளன்னா? தக்காளியாட்டமா கண்ணு?” மச்சானுக்குப் புரையேறிவிட்டது. வசந்தியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான் என்று நினைக்கிறேன். “புதுசு அப்படித்தான் இருக்கும் மது, தளதளன்னு” என்று வேறு சொன்னேன்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள். அதற்கப்புறம் அன்றைக்கு அவள் எந்த மொழியிலும் பேசவில்லை.

4

மறுநாள் காலை பத்தரைக்கு அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பாலத்து இறக்கத்தில் விழுந்தாள்.

முன்னால் போன கம்பெனி வேன் திடீரென்று நின்றிருக்கிறது. மது ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினாள். ஹேண்டில் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. நேராகப் போய், ஓரத்தில் துணி ரோல் ஏற்றிக்கொண்டிருந்த டெம்போவின் பின்பக்கத்தில் மோதினாள். ரோல் ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு வடக்கத்திக்காரர்கள் அவளைத் தூக்கினார்கள். அவர்கள் இந்தியில் கேட்டிருக்கிறார்கள், அவள் ஜெர்மனில் பதில் சொல்லியிருக்கிறாள். யாருக்கும் எதுவும் புரியவில்லை. அவள் சட்டையில் ரத்தம் இருந்ததைப் பார்த்து, ரோல்களை ரோட்டிலேயே இறக்கிப் போட்டுவிட்டு அதே டெம்போவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

தகவல் கிடைத்து நான் போனபோது மது கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தாடையில் ஐந்து தையல், இடது காறை எலும்பு முறிந்திருந்தது. அழவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வலியால் என்று நினைத்தேன். டெம்போவின் முனை தாடையில் பட்டிருக்கிறது, இரண்டு விரல்கடை கீழே பட்டிருந்தால் கழுத்து என்று டாக்டர் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த நர்ஸிடம் ஜெர்மனில் நன்றி சொன்னேன். அது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

5

அந்தப் பயம் சாயங்காலத்துக்குள் கோபமாகிவிட்டது. ஜெர்மனிக்கு வந்தபின் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம், புகாரை எழுதுவது. சத்தம் போடக்கூடாது, எழுத வேண்டும். பத்தி பிரித்து, எண் போட்டு, நகல் யாருக்கு என்று கீழே குறிப்பிட்டு. மச்சான் யூனிட்டில் இருந்த கம்ப்யூட்டரில் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் அடித்தேன். குறைபாடுள்ள பொருள். சரிபார்க்காத ஃபிட்டரின் அலட்சியம். என் மகள் உயிர் தப்பியது தற்செயல். நகல்: நுகர்வோர் நீதிமன்றம், சைக்கிள் கம்பெனி.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போனபோது கடையில் கூட்டமாக இருந்தது. கடைக்காரர் படிக்கப் படிக்க வியர்த்தார். அருள்ராஜ் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

“பாப்பாவுக்கு என்னாச்சுங்க சார்? ஒரு நிமிஷமுங்க, அன்னைக்கு நானு…”

“நீ பேசாத” என்றார் கடைக்காரர்.

நானும் அவரைப் பார்க்காமலே சொன்னேன். “நான் உங்ககிட்டப் பேச வரலீங்க. ஓனர்கிட்டப் பேசறேன்.”

மற்ற ஃபிட்டர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடைக்காரர் கடிதத்தைத் தமிழில் உரக்கச் சொல்லி, “கேட்டியாடா? எல்லாரும் கேட்டீங்களா?” என்றார். அருள்ராஜ் கையில் இருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

மறுநாள் கடைக்காரர் போன் செய்தார். “அவனை அனுப்பிட்டேனுங்க. பதினோரு வருசமா இருந்தவன், இருந்தாலும் தப்புத் தப்புத்தானுங்க. வேற சைக்கிள் எடுத்துக்கங்க, கோர்ட்டு கீர்ட்டுன்னு போக வேண்டாமுங்க.”

“ரொம்ப நன்றிங்க” என்றேன்.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கடிதம் என்ன செய்யும் என்று தெரியாதவனில்லை நான். நான் ஃபிட்டராக இருந்த காலத்தில் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்து ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். மறுநாள் காலை செக்கிங் மேஜையில் இரண்டு பேர் குறைவாக இருப்பார்கள். எங்கே போனார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. டீ வரும், குடித்துவிட்டு மெஷினுக்குப் போய்விடுவோம். அந்தத் தாளை எழுதுகிற ஆளாக நானே ஆகிவிட்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை. இரவு நன்றாகத் தூங்கினேன்.

6

நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை. சைக்கிள் மச்சானின் யூனிட்டில் ஒரு மூலையில் கிடந்தது. கடைக்காரர் வேறு வண்டி தருவதாகச் சொன்னாலும் எதற்கும் இருக்கட்டும் என்று படம் எடுத்து வைக்க நினைத்தேன். மச்சான் கேமராவைப் பிடித்துக்கொண்டார். மது கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

ரப்பர் மூடியை நெம்பி எடுத்தேன். உள்ளே போல்ட்டைத் திருகுகிற ஆலன் கீயை விட்டேன். விரல் நுனியால் தொட்டதுமே சுற்றியது. பிடிப்பே இல்லை.

“பாத்தியா மச்சான்! முறுக்கவே இல்ல. எடு படத்தை. இப்படி ஒரு ஆளை வேலைக்கு வெச்சா…”

“அப்பா.”

மது தமிழில்தான் ஆரம்பித்தாள். என் சட்டத்தை அவள் அப்போதும் நினைவில் வைத்திருந்தாள்.

“அது நீங்க.”

“என்ன?”

“அந்த அங்கிள் சொன்னாங்க. வீட்டுக்குப் போய் இதை டைட் வைக்கணும்னு. நீங்க நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்க. நான் பக்கத்துல நின்னேன்.”

மச்சான் கேமராவை இறக்கினார்.

“நீங்க சக்கரத்தை டைட் வெச்சீங்க. அப்புறம் போன் வந்துச்சு. அப்புறம் இந்த மூடியைப் போட்டீங்க.” அவள் பெட்டிகளிலிருந்து இறங்கினாள். “நான் உங்ககிட்டச் சொன்னேன்ல. சாப்பிடும்போது. தளதளன்னு இருக்குன்னு சொன்னேன்ல. எல்லாரும் சிரிச்சீங்க.”

ஆலன் கீ இன்னும் போல்ட்டில்தான் இருந்தது. அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. பதினெட்டு வருடம் மெஷின் பூட்டியவன் நான். ஒரு போல்ட்டை முறுக்கினேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் நடுராத்திரியில் எழுந்து தொழிற்சாலைக்குப் போனவன். எனக்கு இது ஞாபகமே இல்லை. மூடியை அழுத்தியதுதான் ஞாபகம் இருந்தது. முறுக்கியதாக நானே ஒரு ஞாபகத்தைச் செய்து வைத்துக்கொண்டிருந்தேன்.

“ஆஸ்பத்திரிலயே ஏன் சொல்லல?” என்று கேட்டேன். இதைத்தான் கேட்டேன், வெட்கமில்லாமல்.

“நீங்க கேக்கல.”

பிறகு அவள் ஜெர்மனுக்கு மாறிவிட்டாள். அந்த ஆளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று மாமா நேற்றுச் சொன்னது உண்மையா என்று கேட்டாள். உண்மை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. மச்சானுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் அவர் எழுந்துபோய் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

7

மச்சானும் மதுவும் நானுமாகப் போய், சைக்கிள் கடை வாசலில் இருந்த டீக்கடையில் விசாரித்தோம். பெருமாநல்லூர்ப் பக்கம், சர்ச்சுக்குப் பின்னால் என்றார்கள். சைக்கிள் வேனின் பின்னால் கிடந்தது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்தேன். கடிதமாக இருந்தால் எழுதிவிடுவேன். வாயால் சொல்ல எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

ஓட்டு வீடு. சர்ச்சுக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையோடு அருள்ராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். முகம் வெளுத்துப்போனது. போலீஸோடு வந்திருக்கிறோம் என்று நினைத்ததாகப் பின்னால் மச்சானிடம் சொன்னாராம்.

“உக்காருங்க சார். பாப்பாவுக்குக் கை எப்படி இருக்குதுங்க?” உள்ளே பார்த்து, “தண்ணி கொண்டா” என்றார். அவர் மனைவி சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிலையோரம் நின்றார். அவர் எங்களை ‘வாங்க’ என்று சொல்லவில்லை.

நான் உட்காரவில்லை. “அருள்ராஜ், தப்பு என்னுதுங்க. போல்ட்டை நான்தான் முறுக்கல. மூடியை மட்டும் போட்டுட்டேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

அவர் ரொம்ப மரியாதையாக, “அது எனக்குத் தெரியுமுங்க சார்” என்றார்.

“தெரியுமா?”

“அன்னைக்குச் சாயந்தரம் நான் உங்க ஊட்டுக்கு வந்தேனுங்க. மனசு கேக்கலீங்க. பொம்பளப் புள்ள ஓட்டற வண்டி. பில்லுப் புஸ்தகத்துல அட்ரஸ் பாத்து ஸ்பேனர் பையோட வந்தேன். நீங்க போன்ல பேசிட்டு இருந்தீங்க. வெளிக் கேட்டுக்கிட்ட நின்னு, டைட் வெச்சுத் தர்றேனுங்கன்னேன். நீங்க…” அவர் கையைத் தூக்கி, ஈயை விரட்டுவதுபோல இரண்டு முறை ஆட்டினார். “போகச் சொன்னீங்க. வந்துட்டேன்.”

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கேட்டருகே ஒரு ஆள், தோளில் காக்கிப் பை. முகத்தை நான் பார்க்கவில்லை. டீக்காசு கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்படியேதான் நினைத்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையை ஆட்டினேன்.

மது என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் கையை ஆட்டிக் காட்டியது அவளுக்கு மொழி இல்லாமலே புரிந்துவிட்டது. மச்சான் தண்ணீர்ச் சொம்பை எடுத்து என் கையில் கொடுத்தார். குடிக்க முடியவில்லை, கீழே வைத்தேன்.

“வண்டி எங்கீங்க?” என்று அருள்ராஜ் கேட்டார்.

வேனில் இருக்கிறது என்றதும் அவரே போய் இறக்கினார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றிவிட்டு, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பல்சக்கரங்களுக்கு மேல் சங்கிலியைத் தள்ளிவிடுகிற அந்தச் சின்னக் கையைப் பிடித்திருக்கும் கொக்கி வளைந்திருந்தது. மெல்ல நெம்பி நேராக்கினார். வயரை இழுத்துக் கட்டினார். மூன்று, நான்கு, மூன்று என்று மாற்றிப் பார்த்தார். சங்கிலி சொன்ன பேச்சுக் கேட்டது.

“இது கம்பெனியிலேயே வளைஞ்சு வந்திருக்குதுங்க. பெட்டியில போட்டு அமுக்கியிருப்பாங்க. இது உங்க தப்பில்லீங்க சார்.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. கடைசியாக ஹேண்டில் போல்ட்டை முறுக்கினார். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

கடைக்காரரிடம் பேசி மறுபடியும் வேலையில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். முதல் கடிதத்தை ரத்துச் செய்து இன்னொரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன்.

“லெட்டர் வேண்டாமுங்க” என்றது அவர் மனைவி. அதுவரை அவர் பேசவே இல்லை. “உங்க லெட்டரைத்தான் அத்தனை பேரு முன்னாடி படிச்சாங்களாமா. நாலு நாளா இவரு ஊட்டுல சோறு திங்கறதில்ல.”

“நீ சும்மா இரு” என்றார் அருள்ராஜ். பிறகு என்னைப் பார்த்தார். “அந்தக் கடைக்கு நான் திரும்பிப் போகலீங்க. இங்க ஒரு கார்மெண்ட்ஸ்ல லோடிங் சொல்லியிருக்காங்க, நாளைக்கு சேர்றேன். கூட வேலை பாத்தவங்க மட்டும் என்னைத் தப்பா நெனைக்கக் கூடாதுங்க. சைக்கிள் பூட்டத் தெரியாதவன்னு பேரு நிக்கக் கூடாது. நீங்க அங்க போயி, வாயால சொல்லோணுமுங்க. எல்லாரும் இருக்கறப்ப.”

“நாளைக்கே சொல்றேன்.”

“சரிங்க” என்றவர், மதுவைப் பார்த்து, “கை சேர்ற வரைக்கும் ஓட்டாத கண்ணு” என்றார்.

8

திங்கட்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனேன். மதுவை வரவேண்டாம் என்றேன். வருவேன் என்று வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கடைக்காரர் என்னைக் கண்டதும் இருக்கையிலிருந்து எழுந்தார். உள்ளே போய்ப் பேசலாம் என்றார்.

“இங்கேயே பேசறேனுங்க. எல்லாரையும் ஒரு நிமிஷம் கூப்பிடுங்க.”

ஐந்து ஃபிட்டர்கள் வந்து நின்றார்கள். மூத்தவர் பழனி என்று ஒருவர், அறுபது வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அருளு விசயமா?” என்றார். ஆமாங்க என்றேன். “இருங்க.” சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, கண்ணருகே வைத்து எண்களை அழுத்தினார். “அருளு, பழனி. அவரு வந்திருக்காரு. கட் பண்ணாத.” போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். “இப்பச் சொல்லுங்க.”

பத்து நாட்டு இன்ஜினியர்கள் முன்னால் நின்று மெஷினைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அன்றைக்குக் கடையில் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. என் பெயரைச் சொன்னேன். போல்ட்டை முறுக்க மறந்தது நான் என்றேன். அருள்ராஜ் முதலிலேயே எச்சரித்தார், வீட்டுக்கே வந்தார், நான் கையை ஆட்டித் துரத்தினேன் என்றேன். நான் எழுதிக் கொடுத்தது பொய் என்றேன். தெரியாமல் எழுதிய பொய் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. என் மகள் முந்தின நாளே சொன்னாள், அவள் தமிழைக் கேட்டு நான் சிரித்தேன் என்பதையும் சொன்னேன். அது அவர்களுக்குத் தேவையில்லாத விவரம். ஆனால் மது அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

சொல்லி முடித்தேன். ரோட்டில் ஒரு கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. கடைக்காரர், “சரிங்க, சரிங்க, உடுங்க, மனுசன்னா மறதி சகஜம்” என்று அவசரமாகச் சொன்னார். ஒரு ஃபிட்டர் கீழே குனிந்து டியூபை மறுபடி கையில் எடுத்தார்.

பழனி போனைத் தன் காதில் வைத்தார். கேட்டார். “ம்” என்றார். போனை மடித்துப் பையில் போட்டார்.

“என்ன சொன்னாருங்க?” என்று கேட்டேன்.

“சரின்னாருங்க. லோடு ஏறுதாமா. வெச்சுட்டாரு.”